நிரல் முடியும்போது நினைவகம் எல்லாம் விடுபட்டதா? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

நிரல் நின்றதும் அது வாங்கி வைத்திருந்த நினைவகம் முழுவதையும் இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் இதுதான் நடப்பு. அப்படியென்றால் ஒவ்வொரு மாலாக்குக்கும் (நினைவகம் வாங்கும் அழைப்பு) ஒரு ஃப்ரீ (அதைத் திருப்பி விடும் அழைப்பு) எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்று மெயினுக்குள் (நிரல் தொடங்கும் ஃபங்ஷன்) ஒரே தடவை ஓடும் துண்டு, நாளை ஒரு லைப்ரரிக்குள் போய் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை ஓடும். அன்றைக்குக் கசிவு (வாங்கிவிட்டு விடாமல் போன நினைவகம்) தெரிந்தால், எந்த பிளாக்கை (ஒரு மாலாக் தந்த துண்டை) யார் விட வேண்டும் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. சோதனைக் கருவியின் அறிக்கையில் "பரவாயில்லை" என்று விட்டுவைத்த கசிவுகள் நாற்பது இருந்தால், நாற்பத்தோராவதாக வரும் மோசமான கசிவு கண்ணில் படாது. கணக்கு பூஜ்யத்தில் நின்றால் புதிதாக வரும் ஒரு பைட்கூட உடனே தெரியும்.

கீழே இருப்பவை சி, சி பிளஸ் பிளஸ் நிரல்களுக்கானவை, பெரும்பாலும் லினக்ஸில். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில்: கருவியின் கண்ணில் கசிவு படுகிறதா?

பொதுவாகக் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, வால்கிரைண்டின் மெம்செக். நிரலை மறுபடி கம்பைல் செய்யாமலே ஓட்டலாம், ஆனால் வேகம் 20 முதல் 30 மடங்கு குறையும். இன்னொன்று, ஜிசிசி, கிளாங் இரண்டோடும் வரும் லீக்சானிட்டைசர். அட்ரஸ்சானிட்டைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்தால், 64 பிட் லினக்ஸில் இதுவும் தானாகக் கூடவே வரும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். சானிட்டைசர் சேர்த்த நிரலை வால்கிரைண்டுக்குள் ஓட்டக் கூடாது. இரண்டும் ஒன்றாக வேலை செய்யாது.

எதை எடுத்தாலும் டீபக் தகவலோடு கம்பைல் செய்யுங்கள், ஆப்டிமைசேஷனை 0 அல்லது 1 அளவில் வையுங்கள். வால்கிரைண்டுக்கு மூன்று ஆப்ஷன்கள் போதும்: லீக்-செக் என்பதற்கு ஃபுல், ஷோ-லீக்-கைண்ட்ஸ் என்பதற்கு ஆல், நம்-காலர்ஸ் என்பதற்கு 30. கடைசியானதன் வழக்கமான அளவு 12. அழைப்புகள் ஆழமாகப் போகும் நிரலில் அது போதாமல், உங்கள் ஃபங்ஷன் வருவதற்கு முன்பே சுவடு (யார் யாரைக் கூப்பிட்டார் என்ற பட்டியல்) முடிந்துவிடும்.

சரி, இப்போது வேண்டுமென்றே ஒரு கசிவை வையுங்கள். தனி ஃபைலில் ஒரு சின்ன ஃபங்ஷன். அது 777 பைட்டுக்கு மாலாக் செய்து, அதில் ஒரு எழுத்தை எழுதி, பாயிண்டரை (அந்த நினைவகத்தின் முகவரியை) எங்கும் வைக்காமல் திரும்பிவிட வேண்டும். மெயினின் தொடக்கத்தில் அதை ஒரு தடவை கூப்பிடுங்கள். 777 என்று வைத்தால் அறிக்கையில் தேடுவது சுலபம். எழுத்தை வாலடைல் பாயிண்டர் வழியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் யாரும் பயன்படுத்தாத மாலாக் என்று கம்பைலரே அதை நீக்கிவிடலாம். தனி ஃபங்ஷனில் வைப்பதற்கும் காரணம் உண்டு. இந்தக் கருவிகள் ஸ்டாக்கையும் (லோக்கல் மாறிகள் இருக்கும் இடம்) ரெஜிஸ்டர்களையும் துழாவி, பிளாக்கின் முகவரி போலத் தெரியும் எண் எங்காவது கிடந்தால், "யாரோ இன்னும் பிடித்திருக்கிறார்கள்" என்று அதை விட்டுவிடும். மெயினிலேயே மாலாக் செய்து உடனே முடித்தால் பழைய எண் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், கசிவு வெளியே வராமலும் போகும். "வேண்டுமென்றே கசியவிட்டேன், கருவி ஒன்றும் சொல்லவில்லை" என்று குழம்புபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

777 அறிக்கையில் வந்ததா? வந்தால் அந்த அழைப்பை எடுத்துவிட்டு மேலே போகலாம். வரவில்லையென்றால் கருவி தரும் சுத்தமான அறிக்கைக்கு மதிப்பே இல்லை. அதற்கான காரணம் அடுத்த இரண்டு அறிகுறிகளில் ஒன்றாக இருக்கும்.

அறிகுறி: அறிக்கையே வரவில்லை

லீக்சானிட்டைசர் தன் சோதனையை, நிரல் முறையாக வெளியேறும் நேரத்தில்தான் நடத்துகிறது. அடிக்கோடு போட்ட எக்ஸிட்டை (_exit) கூப்பிட்டால் அந்த நேரமே வராது. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும், கில் கட்டளையால் நிறுத்தினாலும், சிக்னலை நிரல் பிடிக்காவிட்டால் கதை அதேதான். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் சர்வர் நிரல்களில் இது சர்வ சாதாரணம். சிக்னலைப் பிடிக்கும் ஹேண்ட்லரில் ஒரு கொடியை ("நிறுத்து" என்று குறிக்கும் மாறியை) மட்டும் ஏற்றுங்கள். முக்கியச் சுழற்சி அதைப் பார்த்துத் தானாக வெளியே வந்து, மெயின் வழியாகத் திரும்பட்டும். ஹேண்ட்லருக்குள்ளேயே ஃப்ரீ செய்யப் போகாதீர்கள். மாலாக் பாதி வேலையில் இருக்கும்போது சிக்னல் வந்திருந்தால் நிரல் அப்படியே உறைந்துவிடலாம்.

ஜிடிபிக்குள்ளோ எஸ்டிரேஸுக்குள்ளோ ஓட்டினாலும் லீக்சானிட்டைசர் வேலை செய்யாது. பிடிரேஸ் (ஒரு பிராசஸ் இன்னொன்றைக் கண்காணிக்கும் லினக்ஸ் வசதி) என்று சொல்லி ஒரு பிழைச் செய்தி வரும். கன்டெய்னருக்குள் பிடிரேஸ் உரிமை தராமல் ஓட்டும்போதும் இதே செய்தி வரலாம்.

வால்கிரைண்ட் இந்த விஷயத்தில் தாராளம். சிக்னலால் செத்தாலும் அறிக்கை தரும். 9-ஆம் எண் சிக்னலுக்கு மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி: அறிக்கை வருகிறது, ஆனால் எண்கள் நம்பும்படி இல்லை

வால்கிரைண்ட் அறிக்கையின் ஹீப் சம்மரியில் (மாலாக் வழியாக வாங்கிய நினைவகத்தின் சுருக்கம்) "டோட்டல் ஹீப் யூசேஜ்" என்ற வரியைப் பாருங்கள். எத்தனை தடவை வாங்கியது, எத்தனை தடவை விட்டது, மொத்தம் எத்தனை பைட் என்று இருக்கும். உங்கள் நிரல் லட்சக்கணக்கான பதிவுகளைப் படிக்கிறது, அந்த வரியோ 0 என்கிறது என்றால், கருவியால் உங்கள் மாலாக்கைப் பார்க்க முடியவில்லை. நிரல் முழுக்க ஸ்டாட்டிக்காக இணைக்கப்பட்டிருக்கலாம். ஜேமாலாக், டிசிமாலாக் போன்ற வேறொரு அலொகேட்டர் (நினைவகம் ஒதுக்கும் லைப்ரரி) உள்ளே இணைந்திருக்கலாம். சோதனைக்காக மட்டும் வழக்கமான மாலாக்கோடு டைனமிக்காக இணைத்துப் பார்ப்பதுதான் சுருக்கமான வழி. சோதிப்பது பைத்தான் என்றால், 3.6 முதலான பதிப்புகளில் பைத்தான்மாலாக் என்ற சூழல் மாறியில் மாலாக் என்று வைத்தால், அதன் சொந்த அலொகேட்டர் ஒதுங்கிக்கொள்ளும்.

எண்கள் பெரிதாக இருந்தும் தப்பாக இருக்கலாம். நானே ஏமாந்த இடம் இது. ஒரு நிரலை மூன்று நாள் சோதித்தேன், ஒவ்வொரு தடவையும் சுத்தமான அறிக்கை. நான்காம் நாள்தான் அறிக்கையின் தலைப்பில் "கமாண்ட்" என்ற வரியைப் படித்தேன். நான் கொடுத்தது சூழல் மாறிகளை அமைத்துவிட்டு நிரலைத் தொடங்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். வால்கிரைண்ட் மூன்று நாளும் சோதித்தது ஷெல்லை. என் நிரல் அதற்குக் குழந்தையாகப் பிறந்து, யார் கண்ணிலும் படாமல் கசிந்துகொண்டிருந்தது. டிரேஸ்-சில்ட்ரன் என்ற ஆப்ஷனை யெஸ் என்று வைத்தால் குழந்தைப் பிராசஸ்களும் சோதனைக்குள் வரும். லாக் ஃபைல் பெயரில் விழுக்காட்டுக் குறியோடு பி என்று சேர்த்தால் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி ஃபைல் கிடைக்கும்.

அறிகுறி: "டெஃபனிட்லி லாஸ்ட்"

வால்கிரைண்ட் தரும் பெயர்களில் இதுதான் உண்மையான கசிவு. பிளாக் இருக்கிறது, அதைச் சுட்டும் பாயிண்டர் ஒன்றுகூட இல்லை. இனி யார் நினைத்தாலும் அதை விட முடியாது.

ஒரு பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 3,200 பைட், அதில் 40 நேரடி, 3,160 மறைமுகம், 1 பிளாக், டெஃபனிட்லி லாஸ்ட். இதன் பொருள்: 40 பைட்டில் ஒரு ஸ்ட்ரக்ட் தொலைந்தது, அதன் வழியாக மட்டுமே போய்ச் சேரக்கூடிய 3,160 பைட் அதோடு சேர்ந்து தொலைந்தது. அந்த உள் பிளாக்குகள் "இன்டைரக்ட்லி லாஸ்ட்" என்று தனித்தனியாகவும் பட்டியலில் வரும், பக்கம் பக்கமாக. அவற்றைத் துரத்தாதீர்கள். வேர் அந்த 40 பைட்தான். அதற்கு ஒழுங்கான விடுவிப்பு ஃபங்ஷன் எழுதினால் மற்ற எல்லாம் பட்டியலிலிருந்து மறையும். வேரை மட்டும் ஃப்ரீ செய்து கிளைகளை மறந்தால், மறுபடி ஓட்டும்போது அந்தக் கிளைகள் "இன்டைரக்ட்லி" என்பதிலிருந்து "டெஃபனிட்லி"க்கு ஏறியிருக்கும். அது பின்னடைவு இல்லை, ஒரு படி முன்னேற்றம்.

அப்புறம் பிளாக்குகளின் எண்ணிக்கை. 1 என்றால் ஒரு தடவை நடக்கும் பாதை. 1,000 பதிவுள்ள ஃபைலைக் கொடுத்து 1,000 பிளாக் தொலைந்தால், சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் கசிகிறது. 1,000 கொடுத்து 3 தொலைந்தால் அந்த மூன்று பதிவுகளும் வேறு வழியில் போயிருக்கின்றன. பெரும்பாலும் பிழையைக் கையாளும் பாதையில். நடுவே ரிட்டர்ன் செய்யும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள்.

சுவடு காட்டுவது பிளாக் எங்கே வாங்கப்பட்டது என்பதை மட்டும்தான். எங்கே தொலைந்தது என்பதை இந்தக் கருவிகள் சொல்வதில்லை. அதனால் அந்த வரியையே வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை. அங்கிருந்து பாயிண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். யாரிடம் போனது, யார் உரிமையாளர், அவர் கடைசியாக அதை என்ன செய்தார்? இப்படி நடக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை இவை. பழைய மதிப்பை விடாமலே அதே மாறியில் புதிய பாயிண்டரை எழுதுவது. ரீஅலாக்கின் (பிளாக்கின் அளவை மாற்றும் அழைப்பு) விடையை அதே பாயிண்டரில் வாங்குவது: ரீஅலாக் தோற்றால் நல் (NULL, வெற்று முகவரி) வரும், பழைய பிளாக் அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரி அழிந்திருக்கும். ஸ்ட்ரடூப் (strdup, சரத்தை நகலெடுக்கும் ஃபங்ஷன்) கொடுத்த நகல் நம் சொந்தம் என்று நினைக்காமல், ஃப்ரீ செய்ய மறப்பது. சி பிளஸ் பிளஸில், வர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர் இல்லாத பேஸ் கிளாஸ் பாயிண்டர் வழியாக டிலீட் செய்வது. இது கசிவு மட்டுமல்ல, வரையறையே இல்லாத நடத்தை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு ஷேர்ட் பாயிண்டர்கள். இவற்றில் ஒன்றை வீக் பாயிண்டராக மாற்றினால்தான் முடிச்சு அவிழும்.

சில அளவுகள் கைரேகை போல. 64 பிட் ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) 120 பைட் கெட்லைன் வழியாக வந்தால், அது கெட்லைன் முதல் தடவை தானே வாங்கும் பஃபர். படிப்பது தோற்றாலும் அதை நீங்கள்தான் ஃப்ரீ செய்ய வேண்டும். 552 அல்லது புதிய பதிப்புகளில் 472 பைட் என்றால் எஃப்ஓபன் செய்து எஃப்குளோஸ் செய்யாத ஃபைல், இது பெரும்பாலும் அடுத்த தலைப்பில் உள்ள "ஸ்டில் ரீச்சபிள்" என்ற பெயரில் வரும். 32,816 பைட் என்றால் ஓபன்டிர் செய்து குளோஸ்டிர் மறந்த கோப்புறை. கடைசி இரண்டிலும் நினைவகத்தோடு ஃபைல் டிஸ்கிரிப்டரும் கசிகிறது, அதுதான் முதலில் தீர்ந்துபோகும்.

அறிகுறி: "ஸ்டில் ரீச்சபிள்"

பாயிண்டர் இருக்கிறது, யாரும் ஃப்ரீ செய்யவில்லை. குளோபல் மாறியில் வைத்த அட்டவணை, ஒரு தடவை மட்டும் தொடங்கும் லைப்ரரி போன்றவை இங்கே வரும். லிப்எக்ஸ்எம்எல்2, லிப்கர்ல் இரண்டுக்கும் கடைசியில் கூப்பிட வேண்டிய கிளீனப் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. கூப்பிட்டால் பட்டியல் பாதி குறையும். 72,704 பைட், 1 பிளாக் என்று மட்டும் வந்தால் அது உங்களுடையதே இல்லை. நினைவகம் தீர்ந்த நேரத்திலும் எக்ஸெப்ஷன் எறிய முடிய வேண்டும் என்று சி பிளஸ் பிளஸ் லைப்ரரி முன்கூட்டி ஒதுக்கி வைப்பது அது. வால்கிரைண்டின் புதிய பதிப்புகள் அதைத் தாமே விடுவித்துவிடுகின்றன.

ஒரே கசிவு இரண்டு பெயரில் வருவதையும் இங்கே சொல்ல வேண்டும். மெயினில் ஒரு லோக்கல் பாயிண்டர், அதில் ஒரு மாலாக், ஃப்ரீ இல்லை. ரிட்டர்ன் 0 என்று முடித்தால் பெரும்பாலும் "டெஃபனிட்லி லாஸ்ட்". அதே இடத்தில் எக்ஸிட் 0 என்று முடித்தால் "ஸ்டில் ரீச்சபிள்". எக்ஸிட் கூப்பிட்ட நேரத்தில் மெயினின் ஸ்டாக் சட்டம் (அதன் லோக்கல் மாறிகள் இருக்கும் பகுதி) இன்னும் உயிரோடு இருக்கிறது, பாயிண்டர் அதில் உட்கார்ந்திருக்கிறது. சி பிளஸ் பிளஸில் இதன் விளைவு இன்னும் பெரிது: எக்ஸிட், லோக்கல் பொருள்களின் டிஸ்ட்ரக்டர்களைக் கூப்பிடாது. உங்கள் வெக்டர்களும் ஸ்டிரிங்குகளும் எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தும் பட்டியலில் வந்து நிற்கும். வேலை முழுவதையும் வேறொரு ஃபங்ஷனுக்கு நகர்த்தி, மெயின் அதைக் கூப்பிட்டு அதன் விடையைத் திருப்பித் தருவதாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதும் எல்லா நிரலிலும் மெயின் நான்கைந்து வரிதான்.

வால்கிரைண்ட் புகார் சொல்கிறது, லீக்சானிட்டைசர் சுத்தம் என்கிறது என்றாலும் காரணம் பெரும்பாலும் இந்த வகைதான். கை எட்டும் பிளாக்குகளை லீக்சானிட்டைசர் கசிவாகவே எண்ணுவதில்லை. முடிவில் எல்லாமே விடுபட வேண்டும் என்பது உங்கள் இலக்கானால் வால்கிரைண்டின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "பாசிபிலி லாஸ்ட்"

பிளாக்கின் தொடக்கத்தைச் சுட்டும் பாயிண்டர் இல்லை, நடுவில் எங்கோ சுட்டும் ஒன்று மட்டும் இருக்கிறது. பஃபரைப் படித்துக்கொண்டே பாயிண்டரை முன்னே நகர்த்தி, தொடக்கத்தைச் சேமிக்க மறந்தால் இப்படி வரும். ஆனால் சுவடில் பிதிரெட் கிரியேட் இருந்து, அளவு 272, 288, 320 போல இருந்தால் அது வேறு விஷயம்: நிரல் முடியும்போது ஒரு த்ரெட்டை யாரும் ஜாயின் செய்யவில்லை. அந்தச் சில பைட்டுகளை விட, மெயின் முடிந்த பிறகும் அந்த த்ரெட் எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதுதான் கவலைப்பட வேண்டியது. நிறுத்தச் சொல்லி, ஜாயின் செய்து, அப்புறம் மற்றதை விடுங்கள்.

அறிகுறி: சுவடில் வரிக்கு வரி கேள்விக்குறி

டீபக் தகவல் இல்லை, அல்லது ஸ்ட்ரிப் செய்யப்பட்ட (ஃபங்ஷன் பெயர்கள் நீக்கப்பட்ட) நிரல். இரண்டும் இல்லையென்றால், டிஎல்குளோஸ் மூலம் நிரல் பாதியில் இறக்கிவிட்ட பிளகின். அறிக்கை எழுதும் நேரத்தில் அந்த லைப்ரரி நினைவகத்தில் இல்லை, பெயர்களும் அதோடு போய்விட்டன. வால்கிரைண்ட் 3.14 முதல் கீப்-டீபக்இன்ஃபோ என்ற ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது. லீக்சானிட்டைசர் என்றால் சோதனையின்போது டிஎல்குளோஸ் அழைப்பைத் தள்ளிவையுங்கள்.

அறிகுறி: ஃப்ரீ சேர்த்ததும் நிரல் விழுகிறது

"இன்வேலிட் பாயிண்டர்" என்று வந்தால் மாலாக் தராத ஒரு முகவரியை ஃப்ரீ செய்கிறீர்கள். "டபுள் ஃப்ரீ டிடெக்டட் இன் டிகேஷ் 2" என்று வந்தால் ஒரே பிளாக்குக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஃப்ரீக்குப் பிறகு பாயிண்டரில் நல் வைத்துப் பிழையை அமுக்குவது பலர் செய்வது. ஆனால் நல் வைக்கும் பிரதி ஒன்று, இரண்டாவது ஃப்ரீ செய்யும் பிரதி இன்னொன்றாக இருந்தால் அது உதவாது. உரிமையாளர் யார் என்று முடிவுசெய்து, மற்றவரிடமிருந்து ஃப்ரீயை எடுங்கள். விழுவது மெயின் முடிந்த பிறகு என்றால் குளோபல் பொருள்களின் டிஸ்ட்ரக்டர்களைச் சந்தேகியுங்கள். வெவ்வேறு ஃபைல்களில் உள்ள குளோபல்களில் எது முதலில் உருவாகும் என்பது உறுதியில்லை, அதனால் எது முதலில் அழியும் என்பதும் உறுதியில்லை.

அறிகுறி: முடிவில் எல்லாம் சுத்தம், ஓடும்போது மட்டும் வளர்கிறது

"ஆல் ஹீப் பிளாக்ஸ் வேர் ஃப்ரீட்" என்ற வரி உண்மையைத்தான் சொல்கிறது. ஒரு மேப்பில் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் அதன் டிஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் விட்டால் முடிவுச் சோதனையில் எதுவும் தெரியாது. இங்கே தேவை மாசிஃப் அல்லது ஹீப்டிராக், ஓடும்போதே நினைவகத்தை அளக்கும் கருவிகள். உச்சத்தில் யார் எவ்வளவு பிடித்திருந்தார்கள் என்று காட்டும். முதலில் ஒரு சின்னச் சோதனை: வளர்ந்த நிலையில் மாலாக்-டிரிம்மை (சும்மா கிடக்கும் நினைவகத்தை இயங்குதளத்திடம் திருப்பித் தரும் ஃபங்ஷன்) கூப்பிட்டுப் பாருங்கள். பிராசஸின் அளவு சட்டென்று இறங்கினால் நீங்கள் ஏற்கெனவே விட்ட நினைவகத்தைத்தான் ஜிலிப்சி கையில் வைத்திருக்கிறது.

அறிகுறி: விண்டோஸில் "டிடெக்டட் மெமரி லீக்ஸ்"

டீபக் கட்டமைப்பில் வரும் இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பதிவிலும் நெளிவு அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும், உதாரணமாக 152. அது எத்தனையாவது ஒதுக்கீடு என்பது. அந்த எண்ணை விண்டோஸின் சி லைப்ரரியில் உள்ள சிஆர்டி செட்-பிரேக்-அலாக்கில் (_CrtSetBreakAlloc) கொடுத்தால், அடுத்த ஓட்டத்தில் அதே ஒதுக்கீட்டில் டீபக்கர் நிற்கும். பட்டியலை மெயினின் கடைசி வரியில் நீங்களே கூப்பிட்டால் குளோபல் பொருள்கள் எல்லாம் கசிவாகத் தெரியும், ஏனென்றால் அவற்றின் டிஸ்ட்ரக்டர்கள் இன்னும் ஓடவில்லை. லீக்-செக் கொடியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

அறிகுறி: கசிவு இருந்தும் தானியங்கிச் சோதனை பச்சையாகவே இருக்கிறது

வால்கிரைண்ட் கசிவைக் கண்டாலும் வழக்கமாக உங்கள் நிரலின் வெளியேறும் எண்ணையே திருப்பித் தரும். எரர்-எக்ஸிட்கோட் என்பதில் பூஜ்யமல்லாத எண்ணைக் கொடுக்க வேண்டும், லீக்-செக்கும் ஃபுல்லில் இருக்க வேண்டும். அப்போதும் டெஃபனிட், பாசிபிள் இரண்டு மட்டுமே பிழையாக எண்ணப்படும். ரீச்சபிளும் சேர வேண்டுமென்றால் எரர்ஸ்-ஃபார்-லீக்-கைண்ட்ஸ் என்பதில் ஆல் என்று எழுதுங்கள். உங்களால் திருத்த முடியாத லைப்ரரிப் பதிவுகளுக்கு சப்ரஷன் ஃபைல் (எந்தப் பதிவுகளைக் காட்ட வேண்டாம் என்ற பட்டியல்) எழுதலாம். ஜென்-சப்ரஷன்ஸ் ஆப்ஷன் அச்சடித்துத் தருவதை அப்படியே ஒட்டாமல், அந்த லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெறும் மாலாக் என்ற ஒரு வரியோடு எழுதிய சப்ரஷன் உங்கள் கசிவுகளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

முதலில் எழுதிய அந்த 777 பைட் ஃபங்ஷனைத் தூக்கிப் போடாதீர்கள். அதை மட்டும் கூப்பிடும் ஒரு தனிச் சோதனை நிரலாக வைத்து, அது தோற்றால்தான் வெற்றி என்று தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள். யாராவது ஒரு ஆப்ஷனை மாற்றியோ, அலொகேட்டரை மாற்றியோ, ஸ்கிரிப்டுக்குள் ஸ்கிரிப்டை நுழைத்தோ கருவியின் கண்ணை மறைத்தால், அன்றைக்கே சிவப்பாவது அந்தச் சோதனைதான்.